கொண்டு கொடுக்கும் கை

எஸ்.பி. பட்டினத்திலிருந்து ரோச்மா நகர் வரை, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இ-சேவை மையமும் கணினி மையமும் நடத்திவரும் தம்பி, தங்கையருக்கு ஒரு திறந்த மடல்.

அன்புள்ளவர்களே, வணக்கம்.

நான் 1982இல் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்து 2021இல் ஓய்வு பெற்றவன். இந்தக் கடற்கரையில் நான் சைக்கிள் மிதிக்காத மணல் பாதை குறைவு. உங்களில் பலருடைய பாட்டிமார்களுக்கு வளைகுடாவிலிருந்து வந்த கடிதங்களை நான்தான் திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டியிருப்பேன். இப்போது அந்தக் கடிதங்கள் மின்னஞ்சலாகி உங்கள் கணினியில் வந்து இறங்குகின்றன. அவற்றோடு சேர்ந்து வரும் மோசடி மடல்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். காவல்துறைக்கோ வங்கிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஒரு பழைய பார்சலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வார இதழ்களில் கட்டம் போட்ட ஒரு விளம்பரம் வரும். ஒன்பது கட்டங்களில் எண்களை நிரப்ப வேண்டும். எந்தப் பக்கம் கூட்டினாலும் 15 வர வேண்டும். சரியாக நிரப்பி அனுப்பினால் டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசு. அனுப்பிய எல்லாருக்கும் விடை சரியாகவே இருக்கும். சில நாளில் 'பரிசு உங்களுக்கே, பார்சல் செலவை மட்டும் கட்டிப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்று ஓர் அட்டை வரும். பின்னாலேயே வி.பி.பி. பார்சல் வரும். வி.பி.பி. என்றால் பணத்தைக் கட்டிய பிறகுதான் பொட்டலம் கைக்குக் கிடைக்கும். அப்படி ஒன்றை உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு வள்ளக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். 180 ரூபாய். அவருடைய மனைவி அரிசிப் பானைக்குள் கைவிட்டு, முடிச்சை அவிழ்த்து, எண்ணிக் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கையெழுத்தும் வாங்கினேன். பிரித்தார்கள். பழைய செய்தித்தாளில் சுற்றிய அரைச் செங்கல்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீ என்னப்பா செய்வாய், கொண்டுவந்து கொடுக்கிறவன்தானே" என்றார். திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன். பானைக்குள் போன அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு அந்த மாதிரிப் பார்சல் வந்தால் பணம் கேட்பதற்கு முன் வாசலிலேயே நின்று சொல்லிவிடுவேன்: "இது ஏமாற்றாக இருக்கலாம். வேண்டாமென்றால் வாங்க மறுத்துவிட்டதாக எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்." பலர் திருப்பினார்கள். அதனால் என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இன்று அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மடலைத் திறப்பது உங்கள் கணினி. அச்சடித்துத் தருவது உங்கள் பிரிண்டர். நெட் பேங்கிங் தெரியாத அக்கா ரொக்கத்தைக் கொடுத்தால், அவர் சொல்லும் கணக்கு எண்ணுக்கு உங்கள் போனிலிருந்து பணம் போகிறது. வி.பி.பி. பணத்தை வாங்கிப் பையில் போட்ட அதே வேலைதான்.

சென்ற ஆண்டு மண்டபம் பக்கம் ஒரு மையத்தில் நகல் எடுக்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் பாசி எடுக்கப் போகும் ஓர் அக்கா. தீவுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவிட்டு நேரே வந்திருந்தார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணிகூட இன்னும் அவிழ்க்கப்படவில்லை. மகன் டிப்ளமோ முடித்திருக்கிறான். ஐரோப்பியக் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருப்பதாக மடல் வந்திருக்கிறது. வண்ணத்தில் அச்சடித்த நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் வட்ட முத்திரை, கடைசியில் 'திரும்பத் தரப்படும் விசா கட்டணம் 18,500 ரூபாய், இன்று மாலைக்குள்'. மையத்துத் தம்பி கணக்கு எண்ணைப் பாதி தட்டிவிட்டான்.

நான் கேட்டது ஒன்றுதான்: "தாளைக் காட்டாதே தம்பி, மடலைத் திரையில் காட்டு." அச்சடித்த தாளில் முத்திரை தெரியும், நிறம் தெரியும், அனுப்பியவன் யாரென்று தெரியாது. திரையில் அனுப்புநர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பெயரைத் தொட்டதும் அடியில் உண்மையான முகவரி வந்தது. நிறுவனத்தின் பெயர், ஒரு கோடு, இரண்டு எண்கள், கடைசியில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கிக்கொள்ளும் மின்னஞ்சல் சேவையின் பெயர். பதில் எழுதினால் அது இன்னொரு முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தான். பணம் போட வேண்டிய கணக்கு, நம் நாட்டிலேயே எங்கோ ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. ஐரோப்பியக் கப்பல் நிறுவனத்துக்கு அது எதற்கு? கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் முகவருக்குக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கவே கூடாது என்பது விதி.

அக்கா பணத்தை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றும் பேசாமல் போனார். தம்பி என்னிடம், "நான் மடலைப் பார்க்கவே இல்லை ஐயா, கணக்கு எண்ணை மட்டும்தான் கொடுத்தார்" என்றான். நல்ல பையன். ஏமாற்ற நினைத்தவன் இல்லை. அவன் சொன்னதில் எனக்கு என் பழைய குரல் கேட்டது. அன்று இரவே இந்த மடலை எழுத நினைத்தேன்.

முகவரியைப் படிக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் தொழில். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்தது. 623 என்று தொடங்கினால் நம் பக்கம். 623526 என்றால் இராமேசுவரம், 623517 என்றால் கீழக்கரை. தபால் பிரிக்கிறவர் பெயரை முதலில் பார்ப்பதே இல்லை. கடைசி வரியைத்தான் பார்ப்பார். மின்னஞ்சல் முகவரியையும் இணைய முகவரியையும் அப்படித்தான் கடைசியிலிருந்து படிக்க வேண்டும். முன்னால் ஒரு வங்கியின் பெயர், பிறகு புள்ளி, பிறகு 'அப்டேட்-கேஒய்சி', பிறகு புள்ளி, 'காம்' என்றிருந்தால் அந்த முகவரியின் ஊர் 'அப்டேட்-கேஒய்சி'. வங்கியின் பெயர், அந்த ஊரில் எவனோ தன் வாசலில் மாட்டிய பலகை. ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறச் சொன்னது இதற்காகத்தான். அரசு அலுவலகம் என்றால் 'டாட் கவ் டாட் இன்' அல்லது 'டாட் நிக் டாட் இன்' என்று முடியும். எழுத்துகளையும் பிரித்துப் பாருங்கள். ஆங்கில ஆர், என் இரண்டையும் ஒட்டிப் போட்டால் சின்னத் திரையில் எம் மாதிரித் தெரியும்.

முகவரி சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிட முடியாது. உறையின் இடது மூலையில் 'அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்' என்று எவரும் எழுதலாம். எந்த ஊர்ப் பெட்டியில் விழுந்தது என்பதை அஞ்சல் முத்திரைதான் சொல்லும். மின்னஞ்சலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. கணினியில் மடலின் மூலத்தைக் காட்டும் வசதியைத் திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். தேறவில்லை என்றிருந்தால் அந்த மடலை நம்பக் கூடாது. தேறியிருந்தாலும், அது அந்த முகவரியிலிருந்து வந்தது என்றுதான் பொருள். அந்த முகவரியே மோசடிக்காரன் காசு கொடுத்து வாங்கியதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க அந்த அக்காவால் முடியாது. நாள் முழுக்க கணினி முன்னால் இருக்கும் உங்களால் இரண்டு நிமிடத்தில் முடியும். இதையெல்லாம் பார்க்க நேரமில்லாத நாளில் ஒரு வழி போதும்: மடலில் உள்ள லிங்க்கைத் தொடாமல், அதில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யாமல், பாஸ்புக்கில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசுங்கள், வங்கியின் முகவரியை நீங்களே தட்டித் திறங்கள். மடலுக்குள் படமாக வரும் கியூஆர் கட்டமும் லிங்க்தான். 'பில்' என்ற பெயரில் வரும் இணைப்புக் கோப்பின் பெயர் எதில் முடிகிறது என்று பாருங்கள். பிடிஎஃப் என்று நடுவில் எழுதிக் கடைசியில் வேறொன்று இருந்தால் திறக்க வேண்டாம்.

இந்தத் திருட்டுக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'ஃபிஷிங்', மீன்பிடிப்பதைக் குறிக்கும் சொல்லேதான். எழுத்தில் மட்டும் சின்ன மாற்றம். 1990களின் நடுவில் வழக்கத்துக்கு வந்தது. நான் இதைத் தூண்டில் மடல் என்கிறேன். நம் ஊரில் இதை விளக்க ஆசிரியர் தேவையில்லை. கணவாய் மீன் பிடிக்கும் பொய் இரையைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும்: நிறம் உண்டு, கண் உண்டு, வால் உண்டு, தின்ன ஒன்றும் இல்லை. குப்பை மடல் வேறு, தூண்டில் மடல் வேறு என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கடன் தருகிறோம், சேலை தள்ளுபடி என்று வரும் குப்பை மடல் தொந்தரவு மட்டுமே. முன்பின் தெரியாத இடத்திலிருந்து வந்தால் பதில் எழுத வேண்டாம், 'இனி அனுப்பாதே' என்று அதிலேயே இருக்கும் பொத்தானையும் அழுத்த வேண்டாம். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு உறுதியாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துத் தள்ளிவிட்டால் போதும்.

தூண்டில் மடலின் விஷம் அதன் அவசரத்தில் இருக்கிறது. தந்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2013 ஜூலையோடு முடிந்தது. தந்தி கொண்டுபோன காலத்தை நான் மறக்க மாட்டேன். சைக்கிள் மணி கேட்டு, உறையின் நிறத்தைப் பார்த்ததுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். உள்ளே 'ஆண் குழந்தை, இருவரும் நலம்' என்றுதான் இருக்கும். அதைக் காதில் வாங்க ஆள் இருக்காது. அதனால் தெரு முனையிலேயே "பயப்படாதே ஆத்தா, நல்ல செய்திதான்" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவேன். 'கணக்கு இன்று முடக்கப்படும்', 'உங்கள் பெயரில் வழக்கு', 'கடைசி 2 மணி நேரம்' என்று வரும் மடல்கள் அந்தப் பயத்தைத்தான் தேடி வருகின்றன. போலீஸ் மாதிரி வீடியோ அழைப்பில் வந்து டிஜிட்டல் கைது என்று மிரட்டுவதும் இதே வகை. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் பேசினார். உங்கள் மையத்துக்குப் பதறி ஓடிவருகிறவரை முதலில் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து மடலைத் திறங்கள். பாதி மோசடி அந்தப் பத்து நிமிடத்தில் செத்துப்போகும்.

என்னுடைய தவற்றையும் எழுதுகிறேன். ஓய்வூதியக்காரர்கள் நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். 2023 நவம்பரில் 'சான்று பதிவாகவில்லை, இன்றோடு ஓய்வூதியம் நிற்கும்' என்று ஒரு மடல். அந்த வாரம் மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. மருந்துச் செலவு மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. லிங்க்கைத் தொட்டேன். மின்னஞ்சலுக்குள் நுழையும் பக்கம் போலவே ஒன்று வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினேன். முகவரியைக் கடைசியிலிருந்து படிக்கும் பழக்கம் உள்ள நான் அன்று எதையுமே படிக்கவில்லை. இரவு, தெரியாத இடத்திலிருந்து என் மின்னஞ்சலை யாரோ திறந்ததாக எச்சரிக்கை வந்தது. மகள் உடனே கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பை வைத்துக் கொடுத்தாள். அதோடு முடிந்ததென்று நினைத்தோம். ஒரு வாரமாக வங்கி மடல் ஒன்றுகூட வராததைக் கவனித்து அமைப்புகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வங்கி என்ற சொல் உள்ள மடலெல்லாம் வேறொரு முகவரிக்குப் போய்விட்டு என் பெட்டியிலிருந்து அழியும்படி ஒரு கட்டளையை அவன் வைத்துவிட்டுப் போயிருந்தான். கதவைப் பூட்டியிருந்தோம், சன்னல் திறந்தே கிடந்தது. ஆகவே யாராவது 'என் மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்துவிட்டான்' என்று உங்களிடம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றியதோடு அனுப்பிவிடாதீர்கள். மடலை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் அமைப்பு, வடிகட்டிகள், மீட்பு எண், மீட்பு முகவரி, உள்ளே நுழைய அனுமதி பெற்ற செயலிகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஆயுள் சான்றை ஜீவன் பிரமாண் என்ற மின்னணு முறை வழியாக உங்கள் மையத்திலேயே எடுத்துத் தரலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடும் 2020 முதல் இருக்கிறது.

இங்கே ஒரு கடுமையான சொல்லும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருப்பதே தெரியாது. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக நீங்கள் தொடங்கிக் கொடுத்தது. கடவுச்சொல் அவருடைய பெயரும் 123உம். அது உங்கள் நோட்டில் ஒரு வரி. மீட்பு எண்ணாக உங்கள் எண். நோக்கம் நல்லதுதான், அவர்கள் மறந்துவிடுவார்கள் என்றுதான் செய்தீர்கள். ஆனால் அடுத்தவர் வீட்டுச் சாவிக் கொத்தை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். அந்த நோட்டு திருடுபோனால், உங்கள் கணினியில் யாராவது வேவு பார்க்கும் மென்பொருளை இறக்கினால், ஓர் ஊரே திறந்து கிடக்கும். கடவுச்சொல்லை அவர்களே சொல்லட்டும், அவர்களே தட்டட்டும். சேர்ந்தாற்போல் நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் போதும், நீளம்தான் பலம். குடும்ப அட்டைக்குப் பின்னால் எழுதாமல் வீட்டில் ஒரு தாளில் எழுதிப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். மீட்பு எண் அவர்களுடைய எண்ணாக இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர்களின் போன் தண்ணீரில் விழுவது நமக்குப் புதிதில்லை. புது எண் வாங்கினால் அன்றே மின்னஞ்சலிலும் வங்கியிலும் மாற்றச் சொல்லுங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். ஓடிபியும் அவருக்கே போகும். உங்கள் கணினியில் வேலை முடிந்ததும் வெளியேறி, 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துவதை அவர் கண்ணெதிரே செய்யுங்கள். அடுத்த முறை அவரே கேட்பார்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கு வரும் தூண்டில் வேறு மாதிரி. நண்டுச் சதை அனுப்பும் ஒருவர், தெர்மோகோல் பெட்டி வாங்குமிடத்தோடு ஆறு மாதமாக மடலில் பேசிவந்தார். அதே பேச்சின் தொடர்ச்சியாக ஒரு நாள் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதில் போடவும்' என்று வந்தது. பழைய மடல்கள் எல்லாம் கீழே அப்படியே இருந்தன. முகவரியில் ஒரே ஓர் எழுத்து கூடுதல். பணம் போய்விட்டது. இரண்டில் ஒரு பக்கத்து மின்னஞ்சலுக்குள் எவனோ வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறான். கணக்கு மாறியதாக மடல் வந்தால், பழைய எண்ணுக்குப் போன் செய்து காதால் கேட்ட பிறகே பணம் அனுப்ப வேண்டும். இது ஒன்றுக்கு விதிவிலக்கே வைக்காதீர்கள்.

அவர் ஒன்றைச் சரியாகச் செய்தார். தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் 1930க்குப் பேசினார். ஒரு பகுதி வழியிலேயே நிறுத்தப்பட்டது. 1930 என்பது இணையவழிப் பண மோசடிக்கு நாடு முழுவதற்குமான உதவி எண். திருடன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்குப் பிரித்து, எடுத்துவிடப் பார்ப்பான். அதற்கு முன் தகவல் போனால் வங்கிகள் நிறுத்தி வைக்க முடியும். அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்பதை எடுத்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதிய வேண்டும். அதைச் செய்துகொடுக்க உங்களைவிடத் தகுந்தவர் யார்? மடலை அழிக்க விடாதீர்கள், அது சாட்சி. வங்கிக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் வெளியாள் ஒருவரால் பணம் போயிருந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் சொன்னால் இழப்பு வாடிக்கையாளருடையது ஆகாது. ஓடிபியைத் தானே சொல்லிவிட்டிருந்தால், வங்கியிடம் புகார் சொல்லும்வரை போனது அவருடைய இழப்பு. புகார் சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. இரண்டிலும் நேரம்தான் பணம். பிறகு ஒருவன் வருவான், 'போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று. அவனும் முதல் திருடனின் கூட்டாளிதான் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இவ்வளவு இருந்தும் நம் ஊரில் புகார் ஏன் போவதில்லை? வெட்கம். கீழக்கரையில் எனக்குப் பழக்கமான ஓர் உம்மா ஒரு நாள் என்னை அழைத்து, மகன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றார். கல்லூரியில் படிக்கும் பையன். கதவைச் சாத்திக்கொண்டு பேசியபோது போனைக் கொடுத்தான். 'உன் கேமரா வழியாக உன்னைப் படம் எடுத்திருக்கிறேன், பிட்காயினில் பணம் போடாவிட்டால் உன் போனில் உள்ள எல்லாருக்கும் அனுப்புவேன்' என்று ஒரு மடல். நடுவில் அவனுடைய கடவுச்சொல் ஒன்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் அவன் நம்பிவிட்டான். அது மூன்றாண்டுக்கு முன் ஒரு விளையாட்டுத் தளத்தில் அவன் வைத்த கடவுச்சொல். அந்த மாதிரித் தளங்களிலிருந்து கசியும் பட்டியல்களை வாங்கி, ஒரே மடலைக் கூட்டம் கூட்டமாக அனுப்புகிறார்கள். படமும் இல்லை, ஒன்றும் இல்லை. பதில் போடாதே, பணம் போடாதே, அந்தக் கடவுச்சொல் வேறெங்கும் இருந்தால் மாற்று என்று சொன்னேன். அவன் அழுதான். ஒரு மடல் ஒரு வீட்டுப் பிள்ளையை எந்த விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்று பார்த்தேன். உங்கள் மையத்தில் ஒரு பையன் திரையை மறைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தால் அதட்டாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஏமாந்தவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்காத இடமாக உங்கள் மையம் இருந்தால், மற்றவர்கள் தாமாகவே வந்து சொல்வார்கள்.

வேலை மடல்களுக்குத் திரும்புகிறேன். நம் மாவட்டத்தின் புண் அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்று சொல்லும் மடலை அங்கேயே மூடிவிடலாம். பணம் போவது மட்டுமென்றால் நான் இவ்வளவு அழுத்தமாக எழுத மாட்டேன். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை' என்று வந்த மடலை நம்பிப் போன இளைஞர்களை மியான்மரின் மியாவாடிக்கும் கம்போடியாவுக்கும் கடத்திப் பூட்டி வைத்து, அவர்களைக் கொண்டே மோசடி மடல்களை எழுத வைத்திருக்கிறார்கள். 2022 முதல் நம் அரசு எச்சரித்து வருகிறது. 2025 மார்ச்சில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். நாம் அச்சடித்துக் கொடுக்கும் நான்கு வண்ணத் தாள்கள் ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடலாம்.

உங்களிடம் கேட்பவை அதிகம் இல்லை. யார் பெயருக்காவது பணம் அனுப்பச் சொன்னால், 'இது எதற்கு, யார் கேட்டார்கள், மடல் எங்கே' என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அனுப்ப மறுத்துவிடுங்கள். போகும் வாடிக்கையாளர் ஒருவர் போகட்டும். அடுத்த வாரம் தெருவே உங்களிடம் வரும். உங்கள் கணக்கில் அறிமுகமில்லாத பணத்தை வாங்கிக் கைமாற்றிக் கொடுக்கும் வேலைக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். 'கமிஷன் தருகிறேன், கணக்கைக் கொடு' என்று கேட்பவனிடம் கணக்கைக் கொடுக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மோசடிப் பணம் வந்து விழுந்தால் முதலில் முடங்குவது அந்தக் கணக்குதான், முதலில் காவல் நிலையம் போவதும் அதைக் கொடுத்தவர்தான்.

இன்னொன்று. கடலில் புயல் சின்னம் உருவானால் பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். எண் என்ன என்பதை வைத்தே வள்ளத்தைக் கரையேற்றுவதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்கிறோம். உங்கள் மையத்து வாசலில் ஒரு கரும்பலகை வையுங்கள். மேலே 1930 என்று பெரிதாக எழுதுங்கள். கீழே அந்த வாரம் உங்கள் கண்ணில் பட்ட பொய் மடலை இரண்டு வரியில் எழுதுங்கள்: 'மீன்பிடித் தடைக்கால நிவாரணம் பெற லிங்க்கைத் தொடவும் என்று வந்தால் நம்ப வேண்டாம்', 'பணம் வாங்க யுபிஐ பின் தேவையில்லை'. தொண்டியில் ஒருவருக்கு வந்த மடல் இரண்டு நாளில் ஏர்வாடிக்கும் வரும். ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பிக்கொண்டால், மடல் வருவதற்கு முன்பே பலகையில் ஏறிவிடும்.

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் ஊரில் இருப்பார்கள், நிவாரணம் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பொய் மடலுக்கும் அதுதான் பருவம். அந்த நாள்களில் ஏதாவது ஒரு மாலை உங்கள் மையத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள். வருகிறவர்களின் மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வரியிலிருந்து படிக்கும் முறையைக் காட்டித் தருகிறேன். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். பஸ் போகாத ஊர் என்றாலும் கவலை வேண்டாம், சைக்கிள் இன்னும் ஓடுகிறது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்.